“அது அவங்க வழக்கம்தானே, தம்பி?”

ஜனவரி மாதம், ராத்திரி பதினொன்றரை மணி, ஜோத்பூரில் ஒரு மருத்துவமனை வராந்தா. உள்ளே எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தினமும் தூக்க மாத்திரை போடுகிறவர். வெளியே அவர் வீட்டம்மா அழுகிறார். “ஒரு கை தண்ணிதான் குடிச்சாரு தம்பி. அந்தப் பெரியவரு தந்தாரு. வேண்டாம்னு சொன்னா மரியாதை இல்லைன்னு ஜீப்காரரு சொன்னாரு. அது அவங்க வழக்கம்தானே?”

இந்த சீசனில் இது மூன்றாவது ஆள். மற்ற இரண்டு பேருக்கும் வாந்தியோடு போயிற்று.

நாகர்கோவிலிலிருந்து பதினேழு வருடமாக ராஜஸ்தானுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கோவில், கோட்டை, ஒட்டகம் எதிலும் எனக்குத் தலைவலி இல்லை. தலைவலி எல்லாம் ‘கிராம சஃபாரி’ என்று சீட்டு கிழிக்கிற அந்த அரை நாளில்தான்.

அந்தத் தண்ணீருக்கு அங்கே ‘அமல்’ என்று பெயர். அபினைக் கரைத்து, துணி வடிகட்டியில் வடித்து, உள்ளங்கையில் ஊற்றித் தருவார்கள். ஜோத்பூரைச் சுற்றியுள்ள மார்வார் பகுதியில் ராஜபுத்திரர் போன்ற சில சமூகங்களில் விருந்துக்கும் விசேஷத்துக்கும் சாவு வீட்டுக்கும் இது பழைய வழக்கம்தான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி குற்றமும்தான். பயணிகளுக்குச் சில இடத்தில் சும்மா நாடகத்துக்கு ஏதோ ஒரு தண்ணீரைக் காட்டுவார்கள், சில இடத்தில் நிஜமாகவே ஊற்றுவார்கள். கையில் விழுந்தது எதுவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதைவிட எனக்கு எரிச்சல், இது ‘பிஷ்னோய்’ வழக்கம் என்று நம்மாட்கள் ஊருக்கு வந்து சொல்வது. பிஷ்னோய் என்பது அங்குள்ள ஒரு சமூகம். பிஷ்னோய் என்றாலே இருபத்தொன்பது. பீஸ் இருபது, நௌ ஒன்பது. 1485-இல் குரு ஜம்பேஷ்வர் வகுத்துக் கொடுத்த 29 நெறிகள். பச்சை மரத்தை வெட்டாதே, உயிர்களிடம் இரக்கம் காட்டு என்பவை அதில் உண்டு. அபின் தொடாதே என்பதும் அதே 29-இல் உண்டு. புகையிலை, பாங்கு (கஞ்சா இலை), மது எல்லாவற்றுக்கும் அங்கே தடை. அந்த மக்களைத் தேடிப்போய் “அபின் எங்கே?” என்று கேட்பது, நம்மூர் பாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து “உங்க பாரம்பரியக் கள்ளைக் கொண்டு வாங்க” என்பதுபோல. எல்லாரும் நெறி பிசகாமல் வாழ்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, நாம் மட்டும் என்ன ஒழுங்கு? ஆனால் ஜீப் போகிற வழியில் குயவர் வீடு, ஜமுக்காளம் நெய்கிற சாலாவாஸ், ராஜபுத்திரர் முற்றம் எல்லாம் வரும். சீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பிஷ்னோய்’ என்று ஒரே பெயர்.

உண்மையிலேயே பிஷ்னோய்களுடையது கேஜட்லி கிராமம். 1730-இல் ஜோத்பூர் மகாராஜாவின் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று ஆட்கள் கோடரியோடு வந்தபோது, அம்ரிதா தேவியும் அவருடைய மூன்று பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களையும் சேர்த்து 363 பேர். எந்த மரம் தெரியுமா? கேஜ்ரி. நம் சிவன் கோவில்களில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியாகிறார்கள். அப்புறம் “வண்டி எப்போ கிளம்பும்?”

இன்னொரு கூட்டத்தில் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு, “இந்தப் பொம்பளைங்க மான்குட்டிக்குப் பால் கொடுப்பாங்களாமே, கொடுக்கச் சொல்லுங்க, ஒரு வீடியோ எடுத்துக்கறேன்” என்றார். தாயில்லாத குட்டியைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்த வீடுகள் அவை. நான் வெட்கத்தில் வெளியே வந்து நின்றுவிட்டேன். குளச்சலில் வலை பின்னுகிற அக்காவிடம் எவனாவது வந்து இப்படிக் கேட்டால் திரும்பிப் போவானா? (பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்கள் குடியிருப்பிலும் நம்மாட்கள் இதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள்.)

தங்குமிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஹெரிட்டேஜ்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அரசு வகைப்பாட்டில் அந்தப் பெயர் வேண்டுமென்றால் கட்டடம் 1950-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். எந்த வருடக் கட்டடம் என்று கேளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழசு எது, பழசுபோலப் பூசியது எது என்று சொல்லித்தர வேண்டாம். ஜெய்சால்மரில் கோட்டைக்கு உள்ளே ரூம் வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள். 1156-இல் எழுந்த கோட்டை, இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டியதில் இன்று ரூமுக்கு ரூம் குளியலறை. கசிவு அடிமண்ணில் இறங்கி, கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. நான் கீழே ஊரில்தான் ரூம் போடுவேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறீர்கள். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் பல் கிட்டும். தினமும் மூன்று முறை குளிக்கிற நம் பழக்கத்தை அந்த வீடுகளில் காட்டாதீர்கள். ரெண்டு மழையும் பெய்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரின் விலை தெரியாது. பிள்ளைகளுக்கு மிட்டாய் எறியாதீர்கள். முக்காட்டை விலக்கச் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், மறுத்தால் விடுங்கள்.

அமல் நீட்டினால் கைகூப்பி “தவாயி சல் ரஹீ ஹை” (மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்) என்று சொன்னால் போதும். எந்தப் பெரியவரும் கோபித்ததை நான் பார்த்ததில்லை. டீ தருவார்கள், அதை வாங்கிக் குடியுங்கள். கிளம்பும் முன் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று என்னிடம் சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தலைமையாசிரியர் மறுநாள் மத்தியானம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊர் வந்ததும் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு அண்ணாச்சி போன் செய்தார். “அந்தத் தண்ணி நமக்கும் கிடைக்குமா தம்பி?” மருந்துச் சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.