தளக்கல்லிலும் கையுறையிலும் ஒட்டியிருக்கும் கடன்

ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தின் கொள்முதல் பட்டியலைப் பாருங்கள். நடைபாதைக்குத் தளக்கல், பாத்தி ஓரத்துக்குக் கட்டைக்கல், தென்னை நார்த்தூள், மூங்கில் கழி, ரப்பர் கையுறை, நர்சரிக் கன்றுகள். இதில் அடிமை உழைப்பு எங்கே வரப்போகிறது என்று உரிமையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சப்ளையர்களின் தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்வது என் தொழில். அந்தப் பட்டியலில் கல்லும் கையுறையும்தான் என்னை முதலில் உறுத்தும்.

ராஜஸ்தானின் பூந்தி மாவட்டத்தில், புத்பூரா பகுதியில், குவாரியில் கழித்துப் போட்ட மணற்கல்லைச் சிறு சிறு கட்டைக்கற்களாகக் கொத்துகிறார்கள். ஐரோப்பியத் தோட்டங்களுக்கும் தெருக்களுக்கும் அவை போகின்றன. வேலை நடப்பது தொழிற்சாலையில் அல்ல. பெரும்பாலும் வீட்டு வாசலிலும் சாலையோரக் குவியல்களிலும்தான். கூலி கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் ஒரு கை கூடினால் நாலு கல் கூடும் என்று பிள்ளைகளும் சுத்தியல் எடுக்கிறார்கள். கல்லிலிருந்து பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ் உள்ளிட்ட தூசி நோய்களுக்கென்றே ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுக்க வேண்டிவந்தது என்றால் பாதிப்பின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் அவர் ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணம் மனைவி தலையிலும் பிள்ளைகள் தலையிலும் இறங்குகிறது. ஏற்றுமதியாளர் காட்டும் காகிதங்களில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் கல்லை வாங்குவது இடைத்தரகரிடம். தன் ஆலையில் கல்லை அறுத்து மெருகேற்றுபவர்களின் பட்டியலை மட்டுமே அவர் நீட்டுவார். அது சுத்தமாகவே இருக்கும்.

கையுறையின் கதை வேறு நாட்டில் நடந்தாலும் அங்கேயும் கடன்தான். மலேசியாவின் ரப்பர் கையுறை ஆலைகளில் நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். வேலை கிடைக்க ஏஜெண்டுக்குக் கட்டணம் கொடுத்து, அதற்காக ஊரில் வட்டிக்கு வாங்கி வந்தவர்கள் இவர்களில் பலர். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, அங்குள்ள ஒரு பெரிய உற்பத்தியாளரின் கையுறைகளைக் கட்டாய உழைப்பு என்ற காரணத்துக்காகத் தடுத்து நிறுத்தியது. தொழிலாளர்கள் கட்டிய ஏஜெண்டு கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்த பிறகே, 2021இல், தடை விலகியது. இத்தனைக்கும் அந்தத் தொழிலாளர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

சம்பளச் சீட்டை மட்டும் பார்க்கும் தணிக்கை இதனால்தான் தோற்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளி அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். கட்டாய உழைப்பை அடையாளம் காண அந்த அமைப்பு வகுத்த 11 அறிகுறிகளில் கடன் பிணைப்பு, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல் ஆகியவை உண்டு. கதவில் பூட்டு இல்லாவிட்டாலும் கடன் இருக்கும்வரை அந்த ஆள் எங்கும் போக முடியாது.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. இந்த வேலைக்கு வர யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி? மேஸ்திரியோ மேலாளரோ பக்கத்தில் நிற்கும்போது இதைக் கேட்டுப் பயனில்லை. வேலைக்கு வெளியே, அவர்களின் மொழியில், பெண்களிடம் ஒரு பெண் கேட்க வேண்டும். அடுத்தது: நாளைக்கே ஊருக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள்? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? "பத்திரமாக ஆபீஸ் பீரோவில் இருக்கிறது" என்ற பதிலைப் பலரும் சாதாரணமாகச் சொல்வார்கள். பீரோவின் சாவி அவர்களிடம் இல்லையென்றால் அது பத்திரம் ஆகாது.

வருகைப் பதிவேட்டில் எல்லோரும் எல்லா நாளும் சரியாக எட்டுக்கு வந்து ஐந்துக்குப் போயிருந்தால், அந்தப் பதிவேடு எனக்காக எழுதப்பட்டது. பிடித்தங்களைப் பாருங்கள்: தங்குமிடம், சாப்பாடு, சீருடை, "முன்பணம்", "இதர". அந்த "இதர"வுக்கு விளக்கம் கேட்டு வாங்குங்கள். அறுவடைக் காலத்துக்கும் நடவுக் காலத்துக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைப் பயன்படுத்தினால் சொந்த ஊழியர் பதிவுகளையே புரட்டிப் பாருங்கள். பலருடைய சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறதா? பலருக்கு ஒரே தொலைபேசி எண்ணா? அப்படியானால் உங்கள் தோட்டத்திலேயே வேலை பார்ப்பவரின் கூலியை வேறொருவர் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றை வாங்குபவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வசந்தம் பிறக்க மூன்று வாரம் இருக்கும்போது இரட்டிப்பு ஆர்டர் கொடுத்து, விலையையும் குறைக்கச் சொன்னால், அந்த நெருக்கடியைச் சப்ளையர் தாங்குவதில்லை. வரிசையின் கடைசியில் இருக்கிறவர் தாங்குகிறார். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி கொடுத்து இந்த விலைக்கு ஒரு கல்லைக் கொத்த முடியுமா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்று வந்தால் வித்தியாசத்தை யார் கட்டுகிறார் என்பது தெரிந்துவிடும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்பனை 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்களிடம், அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை கேட்கிறது. ஆஸ்திரேலியாவும் 2018இல் அதுபோன்ற சட்டத்தை நிறைவேற்றியது. அறிக்கை எழுதுவது எளிது என்பதால் இவற்றின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இந்தியாவின் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதைவிட ஆழமாகப் போகிறது: கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சப்ளையரிடம் பேசும்போது இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது உதவும்.

சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள், அடுத்து என்ன? பலர் அன்றைக்கே ஆர்டரை ரத்து செய்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்போது வேலை போகிறது, கடன் அப்படியே நிற்கிறது. முதலில் தொழிலாளிக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசியவர் யார் என்பது வெளியே போகக் கூடாது. அடைத்து வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் உடனே அதிகாரிகளுக்கும் உள்ளூர்த் தொழிலாளர் அமைப்புகளுக்கும் தகவல் போக வேண்டும். மற்ற இடங்களில், பிடித்து வைத்த ஆவணங்களையும் வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்கக் கெடு வையுங்கள். செலவில் உங்கள் பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கெடு தாண்டியும் அசையாத சப்ளையரை விட்டு விலகலாம். ஆள் சேர்க்கும் செலவு முழுவதும் முதலாளியுடையது என்ற வரி அடுத்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தங்குமிடச் சுவரில் ஒட்டியிருக்கும் புகார் எண்ணையும் நீங்களே ஒரு முறை அழைத்து, எடுப்பவர் யார், தொழிலாளியின் மொழி அவருக்குத் தெரியுமா என்று பார்த்துவிடுங்கள்.