‘சும்மா ஒரு கையெழுத்துதாம்மா’

கருமாதிக்குப் போட்ட பந்தலைப் பிரிப்பதற்குள் படக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் தீர்ப்பு வந்து, ஊர் மறந்த பிறகு வருவார்கள். இப்போது மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு ஆணவக்கொலை என்றால், முதல் வாரம் யூடியூப் சேனல், அடுத்த வாரம் ‘கதை கேட்க’ ஒரு உதவி இயக்குநர். கூடவே உள்ளூரில் லொக்கேஷன் பார்த்துக் கொடுக்கும் ஆள், பெரும்பாலும் நமக்கே மாமன் மச்சான் முறையாக இருப்பார். கையில் பத்திரத்தாளில் அடித்த இரண்டு பக்க ஆங்கிலம். “சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. ஒங்க மகன் கதைய ஊரு ஒலகமே பாக்கணும்ல?”

குடும்பத்தார் போட்டுக் கொடுத்துவிட்டு, டீசர் வந்ததும் அந்தக் காகிதத்தின் மங்கிய ஜெராக்ஸோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வாசலில் வந்து நிற்கிறார்கள். இன்னொரு குடும்பம் அப்படி வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுவோம். “எங்க வீட்டுக் கதை, நாங்க சம்மதிக்காம எப்படி எடுக்க முடியும்?” எடுக்க முடியும். நடந்த சம்பவத்துக்குக் காப்புரிமை கிடையாது. முதல் தகவல் அறிக்கை, சாட்சியம், தீர்ப்பு இவையெல்லாம் பொது ஆவணங்கள். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடும் விவகாரத்தில் எழுந்த ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இலேயே இதைச் சொல்லிவிட்டது: ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, ஆனால் பொது ஆவணத்தில் இருப்பதை எழுதத் தடையில்லை. செத்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்கு வருமா? வராது. ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து ஜெ. தீபா தொடுத்த வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதையும் சொல்லிவிட்டது. அசையும் சொத்தையோ அசையாச் சொத்தையோ போல அது வாரிசுக்கு இறங்குவதில்லை.

அப்படியானால் எதற்கு உங்களிடம் கையெழுத்து? இதை யாருமே கேட்பதில்லை. கதை சொல்ல அவர்களுக்கு உங்கள் அனுமதி தேவையில்லை. நீங்கள் வழக்குப் போடாமல் இருப்பதுதான் தேவை. அந்தக் காகிதம் அனுமதிச் சீட்டு இல்லை, விடுதலைப் பத்திரம். சொத்தில் பங்கு வேண்டாம் என்று தங்கச்சியிடம் எழுதி வாங்குகிறார்களே, அதே ஜாதி.

உங்களிடம் இருப்பது வேறு. உயிரோடிருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அவரவர் அந்தரங்க உரிமை தனித்தனியாக உண்டு. செத்தவரைப் பற்றி, குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு இட்டுக்கட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 356ஆவது பிரிவின்படி அது குற்றம். பிறகு, பொது ஆவணத்தில் இல்லாத பொருள்கள்: டைரி, கடிதம், செல்போனில் இருக்கும் வாய்ஸ் நோட், கல்யாண ஆல்பம். படக்காரருக்கு நிஜமாகவே வேண்டியது இவைதான். டைரியிலும் கடிதத்திலும் எழுதியவருக்கே காப்புரிமை. அவர் இறந்தபின் அது வாரிசுகளுக்கு. காகிதத்தில் விலை இருப்பது இங்கே. ஆனால் நடப்பது என்ன? சுவரில் மாலையோடு தொங்கும் படத்தைக் கழற்றி செல்போனில் எடுத்துக்கொள்கிறார்கள், பள்ளிக்கூட நோட்டு ஒன்றை ‘ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு’ என்று வாங்கிப் போகிறார்கள், செத்த அன்று போட்டிருந்த சட்டை எந்த நிறம் என்று குறித்துக்கொள்கிறார்கள். டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இனி அந்தக் காகிதத்துக்குள். “எல்லா மொழியிலும், இனி வரப்போகும் எல்லா ஊடகத்திலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக” என்று ஒரு வரி இருக்கும். ஒரு மொழி, ஒரு படம், இத்தனை ஆண்டு என்று மாற்றச் சொல்லுங்கள். டப்பிங், ரீமேக், வெப் சீரிஸ் ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்டுத்தான் எழுத வேண்டும். பணம் ‘ரிலீசின்போது’ என்றிருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள், பெட்டிக்குள்ளேயே தூங்கும் படங்கள் ஏராளம். கையெழுத்தன்று ஒரு பங்கு, ஷூட்டிங் முதல் நாளுக்குள் மீதி, இரண்டும் வங்கிக் கணக்கில். ‘பெயரை மாற்றிவிடுவோம்’ என்பது போதாது. ஊர், தெரு, தொழில், கொலை நடந்த விதம் எல்லாம் அப்படியே இருந்தால் பெயரை மட்டும் மாற்றி யாரை ஏமாற்றுகிறார்கள்? எவையெல்லாம் மாறும் என்று பட்டியல் போட்டு எழுதி வாங்குங்கள். சாவுக் காட்சியும் பிணத்தைக் காட்டும் காட்சியும் தமிழில் உங்களுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். படத்தின் முடிவில் நிஜப் புகைப்படம் போடுவதற்குத் தனிச் சம்மதம்.

எல்லாவற்றையும்விட மோசமான வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும்: மூன்றாம் நபர் வழக்குப் போட்டால் அந்த நட்டத்தைக் கையெழுத்திட்டவர் ஈடுகட்ட வேண்டும். அதாவது, கொலை வழக்கில் விடுதலையானவர் நாளைக்குத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட்டால், மகனைப் பறிகொடுத்த நீங்கள் தயாரிப்பாளருக்குப் பணம் கட்ட வேண்டும். பேனாவை எடுத்து அந்த வரியை அடியுங்கள், ஓரத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணன் ஒருவர் ‘குடும்பத்தின் சார்பாக’ப் போட்ட கையெழுத்து இறந்தவரின் மனைவியைக் கட்டுப்படுத்தாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை போட்டது செல்லவே செல்லாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தால், தயவுசெய்து, ரெக்கார்டர் முன்னால் வாயே திறக்காதீர்கள். அம்மாவும் தம்பியும்தான் பல வழக்குகளில் முக்கிய சாட்சிகள். உதவி இயக்குநரிடம் அழுகையோடு அழுகையாக “ஆறு மணி இருக்கும்” என்று சொல்லியிருப்பீர்கள். கூண்டில் ஏழரை என்பீர்கள். முன்பு சொன்னதைக் காட்டி முரண்பாடு கிளப்ப எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அவர் அதை விடமாட்டார். நானாக இருந்தாலும் விடமாட்டேன். திரைக்கதைக்குச் சுவையாக இருந்த அந்த அரைமணிப் பேச்சில் தண்டனையே கைநழுவிப் போகலாம்.

பாலியல் குற்றம் என்றால் பேரமே கிடையாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் அதே சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. அவர் இறந்திருந்தாலும் இதேதான்; குடும்பமே சம்மதித்தாலும் வெளியிடலாமா என்பதை செஷன்ஸ் நீதிபதிதான் தீர்மானிக்க வேண்டும் என்று 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை என்றால் போக்சோ 23ஆவது பிரிவு: பெயர், படம் மட்டுமல்ல, பள்ளிக்கூடம், தெரு, குடும்ப விவரம் எதுவும் வரக் கூடாது.

படம் அறிவிப்பு வந்துவிட்டதா? அன்றைக்கே வக்கீல் நோட்டீஸ், தயாரிப்பாளருக்கு ஒன்று, சென்னையில் உள்ள தணிக்கை வாரிய மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு, இரண்டும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில். ஓடிடியில் நேரடியாக வரும் தொடர் என்றால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2021 விதிகளின்படி 15 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ரிலீசுக்கு வியாழக்கிழமை மாலை தடை கேட்டு ஓடி வராதீர்கள்; இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நட்டஈடு கேட்கும் அவதூறு வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டுதான்.

போஸ்டரில் ‘உண்மைச் சம்பவம்’ என்று பெரிய எழுத்து. படம் தொடங்கியதும் ‘யாவும் கற்பனையே’ என்று சின்ன எழுத்து. பிழைக்கத் தெரிந்தவர்கள். அந்தக் கற்பனை அட்டையைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள், அது முழுக் கவசம் அல்ல. போஸ்டர், டீசர், இயக்குநர் பேட்டி எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘உங்களைப் பற்றியது இல்லை’ என்று பதில் நோட்டீஸ் வரும்போது அவைதான் பேசும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது காரணமே இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100க்குக் கூப்பிடலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை அங்கே காட்டுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றாலும் போங்கள். ஆனால் அந்த உதவி இயக்குநர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களைக் கோபத்தில் அழித்துவிடாமல் செல்போனோடு கொண்டுபோங்கள்.