ரவுல் வால்ஷின் வலது கண்

ஒரு கண்ணில் பார்வை திரும்பாது என்று சொன்னதும், நோயாளியைவிடக் கூட வந்தவர்கள்தான் முதலில் இடிந்துபோகிறார்கள். "இனிமே என்ன வேலைக்கு டாக்டர் போவான்?" என்பார்கள். அவர்களிடம் நான் ரவுல் வால்ஷ் கதையைச் சொல்வேன்.

1887இல் நியூயார்க்கில் பிறந்த வால்ஷ், மௌனப்படக் காலத்திலேயே நடிகராகவும் இயக்குநராகவும் பேர் வாங்கியவர். 1928இல் 'இன் ஓல்டு அரிசோனா' என்ற கௌபாய் படத்தை இயக்கி, அதில் நாயகனாகவும் நடிக்க இருந்தார். வெளிப்புறப் படப்பிடிப்புக்காக யூட்டாவில் இருந்தபோது, அவர் போன வண்டியின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு காட்டுமுயல் உள்ளே பாய்ந்தது. கண்ணாடிச் சில்லு பட்டு வலது கண் போயிற்று. அந்த வேடத்தில் பிறகு நடித்த வார்னர் பாக்ஸ்டருக்கு ஆஸ்கரே கிடைத்தது!

வால்ஷ் கறுப்புக் கண்பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பின்னாளில் பெரிய கௌபாய் நட்சத்திரமான ஜான் வெய்னை 1930இல் முதன்முதலாக நாயகனாக்கி 'தி பிக் டிரெயில்' எடுத்தார், அதுவும் 70 மி.மீ. அகலப் பிலிமில். அதைத் திரையிடும் வசதி பெரும்பாலான அரங்குகளில் இல்லை, படம் படுத்தது. சரி, அது வேறு கதை. 1964 வரை இயக்கினார். மொத்தப் படங்கள் நூறைத் தாண்டும்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழம் பெரும்பாலும் கிட்டத்து வேலைக்குத்தான் வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போதும், டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதும், படி இறங்கும்போதும் முதல் சில மாதம் தடுமாறும். தூரத்துப் பொருளை அதன் அளவு, நிழல், எது எதை மறைக்கிறது என்பதை வைத்தே மூளை கணித்துவிடும். கேமராவுக்கும் ஒரே லென்ஸ்தானே.

வால்ஷுக்கு முயல். எங்களிடம் வருபவர்களுக்குப் பட்டாசு, வெல்டிங் பட்டறை, உளியில் தெறித்த இரும்புத் துணுக்கு. கண்ணில் எதுவும் குத்தினால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், கழுவவும் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடவே கூடாது. (சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் மட்டும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.) காகிதக் கப்பை அழுத்தாமல் கண்மேல் கவிழ்த்து ஒட்டி, நேரே கண் மருத்துவமனைக்கு வாருங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம், அதனால் வழியில் காபிகூட வேண்டாம்.

ஒரு கண் மட்டுமே இருப்பவர்கள், பவர் இல்லாவிட்டாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். கண்பட்டை அவரவர் விருப்பம். பக்கத்துக் கண்ணோடு நிறம் பொருந்துகிற செயற்கைக் கண்ணே இப்போது கிடைக்கிறது.