ரிலீஃப் பிட்சர்: மாற்று எறிவாளர்

அடிபந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் பேஸ்பாலில், ஆட்டத்தைத் தொடங்கிய எறிவாளர் களைத்துப்போனாலோ, காயமுற்றாலோ, எதிரணியினர் அவருடைய பந்துகளை எளிதாக அடிக்கத் தொடங்கினாலோ, அவருக்குப் பதிலாகக் களமிறங்குபவரே ரிலீஃப் பிட்சர். கிரிக்கெட்டில் ஓய்வு கொடுத்த பந்துவீச்சாளரை அணித்தலைவர் பிறகு மீண்டும் அழைக்கலாம். பேஸ்பாலிலோ ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அன்று திரும்பி வர இயலாது.

ரிலீஃப் என்றதும் நிவாரணம் என்று எழுத நம் கை பழகியிருக்கிறது. இங்கு அது பொருந்தாது. பளுவைக் குறைத்தல், மீண்டும் உயர்த்துதல் எனப் பொருள்படும் ரெலெவாரே என்ற இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்த இச்சொல், காவலில் நிற்பவரை விடுவித்து அடுத்தவர் அப்பொறுப்பை ஏற்பதையும் குறிக்கலாயிற்று. பேஸ்பால் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளையே. பிட்சரைப் பந்துவீச்சாளர் என்பதும் சரியாகாது. கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டி எறிவது விதிமீறல், பேஸ்பாலில் அதுவே முறை. எனவே மாற்று எறிவாளர் என்பதே தகுந்த தமிழாக்கம்.

மாற்று என்ற சொல்லில் இரண்டாம் தரம் என்ற சாயல் தொனிப்பதாகச் சிலர் தயங்கக்கூடும். தொடங்கியவரே ஆட்டத்தை முடிக்க வேண்டும் என எதிர்பார்த்த பழைய நாளில், தொடக்க எறிவாளராக நிலைக்காதவர்களே பெரும்பாலும் இப்பணிக்கு அனுப்பப்பட்டனர். பனாமாவின் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீனவ ஊரில் வளர்ந்த மரியானோ ரிவேராவும் அப்படி வந்தவர்தான். 1995இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 10 ஆட்டங்களைத் தொடங்கிச் சோபிக்காத அவர், அதன்பின் 2013இல் ஓய்வு பெறும்வரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. ஆயினும் 2019இல், வாக்களித்த 425 பேரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க, பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அத்தகைய ஒருமித்த வாக்கு அதற்குமுன் எவருக்கும் கிடைத்ததில்லை.

அவருடைய கருவி, கட்டர் எனப்படும் ஒரே வகைப் பந்து. நேராக வருவதுபோல் தோன்றி, கடைசி நொடியில் இடக்கை ஆட்டக்காரரின் உடலை நோக்கித் திரும்பி, மட்டையின் மெலிந்த பிடிப்பகுதியில் மோதும். அது வரும் என்று தெரிந்திருந்தும் எத்தனையோ பேர் மட்டை முறிந்து நின்றார்கள். அவருடைய கடைசிப் பருவத்தில் மினசோட்டா அணியினர் உடைந்த மட்டைகளாலேயே ஆடுநாற்காலி செய்து பரிசளித்தனர். என் பார்வையில் அந்த நாற்காலி எந்தக் கோப்பைக்கும் குறைந்ததன்று.

இத்துடன் சேர்த்து அறிய வேண்டிய சொல் சேவ், வெற்றிக்காப்பு எனலாம். தன் அணியின் முன்னிலையைக் கைவிடாமல் ஆட்டத்தை முடித்துத் தருபவருக்கு, அந்த முன்னிலை 3 ஓட்டங்களுக்கு மேற்படாதிருத்தல் போன்ற நிபந்தனைகளோடு, இது கணக்கில் சேரும். சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இந்தக் கணக்கு, 1969இல் அதிகாரபூர்வமானது. ரிவேரா சேர்த்தவை 652.

ஆட்டத்தின் இறுதியில் வந்து முடித்துவைப்பவரை மட்டும் ஆங்கிலத்தில் குளோசர் என்பர். அவரை நிறைவு எறிவாளர் எனலாம். நிறைவு எறிவாளர் அனைவரும் மாற்று எறிவாளர்களே, மாற்று எறிவாளர் அனைவரும் நிறைவு எறிவாளர்கள் அல்லர்: 1996இல் யாங்கீஸின் நிறைவு எறிவாளராக இருந்த ஜான் வெட்லண்டுக்கு முந்தைய இன்னிங்ஸ் எனும் சுற்றுகளை எறிந்துகொடுத்த ரிவேரா மாற்று எறிவாளர், 1997 முதல் அவரே நிறைவு எறிவாளர்.