'ஹாட் ஸ்டவ்': இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் அந்தச் செய்தி வந்தது. பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போகிறார். 15 ஆண்டு ஒப்பந்தம், 76.5 கோடி டாலர். நான் அதே ஊரின் இன்னொரு அணியான யாங்கீஸின் ரசிகன். சோட்டோ எங்களுக்கு ஆடியது ஒரே ஒரு சீசன்தான். ஆனால் அதில் 41 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் ஒன்றைத் தூக்கி எங்களை உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனவர். வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் காலை குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனால், எதிர்வீட்டுப் பெரியவரும் தன் தொட்டியோடு நிற்கிறார். பரம்பரை மெட்ஸ் ரசிகர். ஒன்றும் சொல்லவில்லை. தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றி, இல்லாத தூசியைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் அந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் நின்று பேசினோம்.

ஆட்டமே இல்லாத மாதங்களில் நடக்கும் இந்தப் பேச்சுக்குத்தான் அமெரிக்காவில் 'ஹாட் ஸ்டவ்' என்று பெயர். முழுப்பெயர் 'ஹாட் ஸ்டவ் லீக்'. ஊரிலிருக்கும் தம்பியிடம் போனில் இதைச் சொன்னபோது, "ஸ்டவ்வா? சமையல் நிகழ்ச்சியா அண்ணே?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. நமக்கு ஸ்டவ் என்றால் பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ், இல்லையென்றால் கேஸ் ஸ்டவ். இரண்டும் அடுப்பங்கரையில் இருப்பவை. ஆகவே 'சூடான அடுப்பு' என்று மொழிபெயர்த்தால் சோறுதான் நினைவுக்கு வரும், பேஸ்பால் வராது.

இந்த ஸ்டவ் வேறு. பானை வயிறு போல நடுவில் புடைத்த வார்ப்பிரும்பு உருளை. விறகோ நிலக்கரியோ போட்டு மூட்டி, புகைபோகக் கூரை வழியாக ஒரு குழாய் விட்டிருப்பார்கள். அமெரிக்கச் சிற்றூர்களின் மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, ரயில் நிலையம் எல்லாவற்றிலும் இது இருந்தது. பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லை, மைதானத்தில் ஆட்டம் இல்லை. ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, போன சீசனில் யார் கோட்டை விட்டார்கள், அடுத்த சீசனுக்கு யாரை வாங்கலாம் என்று பேசித் தீர்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பத்திரிகைகள் இந்தக் கூட்டத்துக்கு 'லீக்' என்று கேலியாகப் பட்டம் கொடுத்துவிட்டன. மைதானம் கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது, ஆனால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மேனேஜர்.

'ஸ்டவ்' என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் இன்னொரு வேடிக்கை. பழைய டச்சு, ஜெர்மானிய வழக்குகளில் இது சூடேற்றப்பட்ட அறையைக் குறித்தது. ஜெர்மனில் இன்றும் 'ஷ்டூபே' என்றால் அறை. அறையைக் குறித்த சொல் பிறகுதான் அறையைச் சூடாக்கும் கருவிக்குப் போனது. அதாவது நாலு பேர் கூடி உட்காரும் இடம் அந்தச் சொல்லுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. ஜப்பானியரும் கொரியரும் 'ஹாட்'டை உதறிவிட்டு 'ஸ்டோவ் லீக்' என்றே வைத்துக்கொண்டார்கள். ஸ்டவ் என்றாலே சூடுதானே, சரியான சிக்கனம்.

சொல்லின் பொருள் பிறகு கொஞ்சம் நகர்ந்தது. இப்போது பத்திரிகைகளில் ஹாட் ஸ்டவ் என்றால் பேச்சை மட்டுமல்ல, அணிகள் ஆட்களை எடுப்பதையும் விடுவதையும் மாற்றிக்கொள்வதையும் சேர்த்தே குறிக்கிறது. முற்காலத்தில் இதற்கு அவ்வளவு விறகு இல்லை. ஒரு வீரர் ஒரு அணியில் கையெழுத்துப் போட்டால், அணியே பார்த்து விற்கும்வரை அவர் அங்கேதான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் நட்சத்திர வீரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்ற செய்தி 1920 ஜனவரி 5 அன்று வெளியானது. பாஸ்டன் ரசிகர்கள் அதைப் பேசி முடிக்க 2004 வரை ஆனது, அந்த அணி அடுத்த கோப்பையைத் தொட்ட வருடம் அதுதான்.

வீரரை அணியோடு பிணைத்த அந்தத் தளையை முதலில் அசைத்தவர் கர்ட் ஃபிளட் என்ற வீரர். 12 ஆண்டுகள் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு ஆடியவரை, 1969இல் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்தல்ல என்று அந்த டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் தோற்றது. ஆனால் 1975 டிசம்பர் 23 அன்று தகராறு தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ், வீரர்கள் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி இருவரும் ஒப்பந்தம் முடிந்தவர்கள், எங்கும் போகலாம் என்று தீர்ப்பளித்தார். இன்று ஆறு ஆண்டு பெரிய லீக்கில் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர் தன் விலையைத் தானே பேசுகிறார். சோட்டோ போனது எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் ஃபிளட்டை நினைத்தால் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம்.

'ஆட்டமில்லாக் காலம்' என்று ஒரு யோசனை வரும். அது காலத்தைச் சொல்கிறதே தவிர, பேச்சைச் சொல்லவில்லை. 'வீரர் பரிமாற்றக் காலம்' அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறது. 'திண்ணைப் பேச்சு' கிட்டத்தட்டச் சரி. எதிர்வீட்டுப் பெரியவரும் நானும் அசல் திண்ணைப் பேச்சு வீரர்கள்தான். ஆனால் திண்ணை காற்று வாங்க உட்காரும் இடம். இந்தச் சொல்லுக்குக் குளிர் வேண்டும். வெளியே பனி, மைதானத்தில் பூட்டு, அதனால்தானே உள்ளே நெருப்பு.

நெருப்புக்குத் தமிழில் பஞ்சமா என்ன? குளிருக்கு மூட்டும் சட்டியை நெடுநல்வாடை 'தடவு' என்கிறது. அதே பாட்டின் தொடக்கத்தில், மழையில் இடம்பெயர்ந்த மாடு மேய்க்கும் கோவலர் பலர் கூடித் தீக்காய்ந்தும் குளிர் தாங்காமல் நடுங்குகிறார்கள். மளிகைக் கடைக் கூட்டத்துக்கு இவர்கள் சித்தப்பா முறை. ஆனால் 'தடவு' என்று இன்று எழுதினால் எல்லாரும் தைலம் தடவப் போவார்கள்.

'குளிர்காய்தல்' நல்ல சொல், ஒரு சிக்கலோடு. அடுத்தவர் வீடு பற்றி எரிய, அதில் லாபம் பார்ப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். சோட்டோவுக்காக இரண்டு நியூயார்க் அணிகளும் மாற்றி மாற்றி விலையை ஏற்றியபோது குளிர்காய்ந்தது யார் என்று ஏஜென்டுகளைத்தான் கேட்க வேண்டும்.

என் ஓட்டு 'கணப்பு' என்பதற்கு. உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அந்தச் சூடு காதிலேயே கேட்கிற சொல். குளிர்காய மூட்டும் நெருப்புக்கு மட்டுமே உரியது, சோறு பொங்க வராது. அடுத்து 'லீக்'. அதை அப்படியே விட்டாலும் குற்றமில்லை, ஆனால் அதிலுள்ள கேலி தமிழில் கேட்க வேண்டும். வெறும் வம்புக்குப் பெரிய நிகழ்ச்சியின் பெயரை வைப்பது நமக்குப் புதிதா? அரட்டைக் கச்சேரி என்று சொல்கிறவர்கள்தானே. ஆக, 'கணப்புக் கச்சேரி'. கச்சேரி இந்துஸ்தானியிலிருந்து வந்தது, தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அரசாங்க அலுவலகம் நினைவுக்கு வரலாம். இருக்கட்டும், அங்கேயும் காத்திருந்து பேசுவதுதான் வேலை.

புழக்கத்துக்கு ஒரு மாதிரி: "சோட்டோ போனதும் எங்கள் தெருவில் கணப்புக் கச்சேரி களைகட்டியது."

உண்மையிலேயே களைகட்டியது. இரண்டே நாளில் யாங்கீஸ் மேக்ஸ் ஃபிரீடை 8 ஆண்டுக்கு 21.8 கோடி டாலர் கொடுத்துப் பிடித்தது. இடக்கைப் பந்துவீச்சாளருக்கு இவ்வளவா என்று நான் புலம்பினேன். பிறகு மில்வாக்கியிலிருந்து, கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி ஆட்டத்தை முடிக்கும் டெவின் வில்லியம்ஸ் வந்தார், பதிலுக்கு நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் கொடுத்தோம். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் எதிரணியின் ஃபிரெடி ஃபிரீமனிடம் நாலு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் ஹோம் ரன் வாங்கிய பந்துவீச்சாளர் கோர்டெஸ் போனதில் எனக்கு ரகசிய நிம்மதி. கடைசி இன்னிங்ஸுக்கு இனி கவலையே இல்லை என்று பெரியவரிடம் அளந்துவிட்டேன். கோடி பெலிஞ்சர், பால் கோல்ட்ஷ்மிட் என்ற இரண்டு வீரர்கள் வந்ததையும் சேர்த்து, சோட்டோ இல்லாமலே ஜெயிப்போம் என்று கணக்குப் போட்டேன். அவர் மெட்ஸுக்குக் கோப்பையே வந்துவிட்டது போலப் பேசினார்.

2025இல் நான் புலம்பிய ஃபிரீட் 19 ஆட்டம் ஜெயித்தார். நான் சத்தியம் செய்த வில்லியம்ஸ் ஏப்ரலிலேயே கடைசி இன்னிங்ஸ் வேலையைப் பறிகொடுத்தார். பெரியவரின் மெட்ஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை. எங்களை டொராண்டோ வெளியே அனுப்பியது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மறுபடி தொட்டியை உருட்டிக்கொண்டு போனேன். பெரியவர் அங்கே நின்றார், அதே நீலத் தொப்பி. "சரி, இந்த வருஷம் யாரைப் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.