அலகா, மூக்கா?

போன வாரம் தமிழில் குரல் கொடுத்த ஓர் ஆவணப்படத்தில் மறுபடியும் கேட்டேன்: "கூர்மூக்குத் திமிங்கிலத்தின் புதைபடிவம் கிடைத்துள்ளது. அதன் மூக்கெலும்பு மிக நீளமானது." ஆங்கிலத்தில் 'beaked whale' எனப்படும் திமிங்கிலத்தின் அலகை மூக்கு என்று சொல்லும் இதே பிழையைப் பலமுறை கேட்டாகிவிட்டது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் கதை சின்னதுதான். திமிங்கிலம் வடசொல்; 'திமி' என்னும் பெருமீனையே விழுங்குவது என்று பொருள். நாம் பேசும் இந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் சிஃபிடே என்று பெயர். வாளைக் குறிக்கும் 'சிஃபோஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் அதன் வேர். 1804-ல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு 1823-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே வைத்த 'சிஃபியஸ்' என்ற பெயரிலிருந்து இந்தக் குடும்பப் பெயர் வந்தது. அழிந்துபோன விலங்கின் புதைபடிவம் என்றே அவர் நம்பினார். அந்த விலங்கு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது; 2,992 மீட்டர் ஆழம் வரை மூழ்கியதாகப் பதிவு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? அலகுத் திமிங்கிலம். ஆங்கிலப் பெயரும் பறவையின் அலகைத்தான் சொல்கிறது.

மூக்கு என்றாலும் அலகுதானே, கிளிமூக்கு மாங்காய் என்கிறோமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிளிக்கு மூக்குத்துளை அலகின் அடியிலேயே இருக்கிறது. அங்கே இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் குழப்பமில்லை. திமிங்கிலம் மூச்சுவிடும் துளை தலையின் உச்சியில் இருக்கிறது. முன்னால் நீண்டிருப்பது தாடை. அதன் மூக்கெலும்புகளோ மண்டையின் உச்சியில், மூச்சுத்துளைக்குப் பின்னால், சிறு கட்டிகளாக ஒட்டியிருப்பவை. புதைபடிவம் எந்த இனம் என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் முக்கியமாகப் பார்க்கும் இடங்களில் அந்த உச்சியும் ஒன்று. முன்னால் நீளும் தாடைப் பகுதியை மூக்கெலும்பு என்று எழுதிவிட்டால், உண்மையான மூக்கெலும்பு வரும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது? அப்புறம் 'பாட்டில்மூக்குத் திமிங்கிலம்' என்றே ஒன்று இதே குடும்பத்தில் இருக்கிறது. கூர்மூக்கில் பாட்டில்மூக்கு ஒரு வகை என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

இந்தக் குடும்பத்தின் பரிணாமமே தாடையின் கதைதான். பெரு நாட்டின் பிஸ்கோ படுகையில் கிடைத்த மெசாபிசீட்டஸ் என்ற அழிந்துபோன அலகுத் திமிங்கிலத்துக்கு வயது சுமார் 90 லட்சம் ஆண்டுகள். நீண்ட அலகின் மேலும் கீழும் வரிசையாகப் பற்கள். ஒன்றின் எலும்புகளோடு மத்தி மீன்களின் எலும்புகளும் கிடந்தன. ஆகவே மேல்மட்டக் கடலில் வேட்டையாடியது என்கிறார்கள். இன்றைய அலகுத் திமிங்கிலங்களோ ஆழத்தில் இரையை உறிஞ்சித் தின்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பற்கள் போய்விட்டன. ஆண்களுக்குக் கீழ்த்தாடையில் ஓரிரு சோடி மட்டும் வெளியே தெரியும். சில இனங்களில் ஆணின் அலகு கல்லைப் போல இறுகிவிடுகிறது. தென்னாப்பிரிக்கக் கடலடியில் வலைகளில் சிக்கி வந்த புதைபடிவங்களில் பல இப்படி இறுகிய அலகுகளே.

அலகு என்பதற்குத் தமிழில் தாடை என்றும் பொருள் உண்டு. தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்கிறவரைப் பார்த்தவர்களுக்கு அது எந்த இடம் என்று தெரியும். வாளின் தகட்டுக்கும் அலகு என்றே பெயர். பறவை, தாடை, வாள் என மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கிரேக்கப் பெயர்கூட உள்ளே வந்துவிடுகிறது! இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று? அலகு என்றால் யூனிட் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். திமிங்கிலத்தின் முன்னால் வரும் அலகை யாரும் மின்கட்டணத்தோடு சேர்த்துப் படிக்கப்போவதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த மண்டையோட்டின் படத்தை ஒருமுறை பார்த்தால் போதும். முன்னால் நீளும் பகுதிக்கு அலகெலும்பு என்று எழுதுங்கள். மூக்கெலும்பு என்ற சொல் உச்சியில் இருக்கும் அந்தச் சிறு எலும்புகளுக்கே இருக்கட்டும்.