வெளியே இல்லாத ஓசை எங்கிருந்து வருகிறது?

பிரிட்டன் ஆய்வாளர்கள் ரோலண்ட் ஷேட்டெ, கெவின் மன்ரோ குழுவினர் 2012ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நன்றாகக் காது கேட்கிற 18 பேரை அழைத்து, ஒரு காதில் மட்டும் அடைப்பான் வைத்துக்கொண்டு 7 நாள் வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். காதில் புண் இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. உள்ளே போகும் ஓசையின் அளவு குறைந்தது, அவ்வளவுதான். அந்த நாட்களுக்குள் 14 பேருக்கு வெளியே இல்லாத ஓசைகள் கேட்கத் தொடங்கின. அடைப்பானை எடுத்த பிறகு அவை மறைந்துபோயின.

டின்னிடஸ் என்று டாக்டர்கள் சொல்வது இப்படிக் கேட்கும் ஓசையைத்தான். காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்பார்கள் சிலர், குக்கர் விசில் என்பார்கள் சிலர், இன்னும் சிலருக்கு இரவெல்லாம் ஒரே சுருதியில் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022ல் வந்த மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. 2 சதவீதம் பேருக்குக் கடுமையாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "காதுல ஒண்ணும் இல்லையே" என்று டாக்டர் சொல்லும்போது, வந்தவருக்குத் தன்னை யாரும் நம்பவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. டார்ச் வெளிச்சம் செவிப்பறை வரைதான் போகும். தேட வேண்டிய இடம் அதற்கும் உள்ளே இருக்கிறது.

உட்காதில் காக்ளியா என்று ஒரு சுருள் உறுப்பு. அதற்குள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. சுருளின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற ஓசையையும், நுனியில் இருப்பவை கனத்த ஓசையையும் பிடிக்கின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. விசைத்தறிக் கூடத்தில் வருஷக்கணக்கில் நின்றவர்களைப் போலப் பேரிரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தால், கீச்சென்ற ஓசைகள் உள்ள 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். டின்னிடஸின் சுருதியும் பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்த அந்தப் பகுதியிலேயே அமைகிறது. எந்த ஓசையைக் காது இழந்ததோ, அந்த ஓசைதான் இல்லாமலே கேட்கிறது.

அப்படியானால் கெட்டுப்போன காதிலிருந்து தவறான குறிப்பு போய்க்கொண்டிருக்கிறது, நரம்பை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். செவிநரம்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையில் அந்த நரம்பே வெட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹவுஸ், பிராக்மன் என்ற இரு மருத்துவர்கள் 1981ல் அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். நரம்பு போன பிறகும் பலருக்கு இரைச்சல் போகவில்லை. சிலருக்கு அது இன்னும் அதிகமானது. காதுக்கும் மூளைக்கும் தொடர்பே அறுந்த பின்னும் ஓசை கேட்கிறதென்றால், அதை உண்டாக்குவது மூளைதான்.

கல்யாண மண்டபத்தில் பேசுகிறவர் குரல் மெலிந்தால் மைக் செட்டுக்காரர் திருகைக் கூட்டுவார். குரல் கொஞ்சம் மேலே வரும், கூடவே ஸ்பீக்கரின் சொந்த இரைச்சலும் வரும். மூளையின் செவிப்பாதையிலும் ஏறக்குறைய இதுதான் நடப்பதாகக் கருதப்படுகிறது. நரம்புச் செல்கள் ஓசையே இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை, அவ்வப்போது தாமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக அடக்கும் செல்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். காதிலிருந்து வரவு குறையும்போது அந்த அடக்கம் தளர்கிறது, உணர்திறன் கூடுகிறது, தற்செயல் துடிப்பும் ஓசையாகப் பதிவாகிறது. விலங்குகளில் பேரிரைச்சலுக்குப் பிறகு செவிநரம்பு முதலில் வந்து சேரும் இடமான மூளைத்தண்டின் செவிக்கருவில் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகத் துடிப்பதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். அதே கருவுக்குத் தாடை, கழுத்துப் பகுதியின் தொடு உணர்வு நரம்புகளும் வந்து சேர்கின்றன. பல்லை இறுகக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ பலருக்கு ரீங்காரம் மாறுவது இதனால்தான்.

இத்தனை சொன்னாலும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே வயது, ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு டின்னிடஸ் வருகிறது, இன்னொருவருக்கு வருவதே இல்லை. வந்தவர்களிலும் ஒருவர் அதை மறந்து தூங்குகிறார், ஒருவர் விடியும் வரை விழித்திருக்கிறார். செவிப்பாதையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அதனால்தான் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ச்சி திரும்பியது. இந்தத் துறையில் நடந்த நல்ல திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

எந்த வேலையும் கொடுக்காமல் ஒருவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்கவைத்து, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகள் இணைந்து இயங்குகின்றன என்று பொருள். இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அந்த இயந்திரமே காது கிழியச் சத்தம் போடும். இன்னொன்று இதைவிடப் பெரியது: காது மந்தமானாலே மூளையின் இணைப்புகள் மாறிவிடும். டின்னிடஸ் உள்ளவரை நன்றாகக் காது கேட்பவரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு இரைச்சலால் வந்ததா, கேட்கும் திறன் குறைந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. காது மந்தம் இருந்தும் டின்னிடஸ் இல்லாத மூன்றாவது குழு கட்டாயம் வேண்டும். அந்தக் குழு இல்லாத ஆய்வுகளை நான் அதிகம் நம்புவதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபாத்திமா ஹுசைன் குழுவினர் இந்த மூன்றாவது குழுவை விடாமல் சேர்த்து ஆராய்ந்தவர்கள். மூளையின் பின்பகுதியில் இரு அரைக்கோளங்களும் ஒன்றை ஒன்று பார்க்கும் உள்சுவரில் ப்ரீக்யூனியஸ் என்று ஓர் இடம் உண்டு. நாம் ஒன்றும் செய்யாமல் ஓய்வாக இருக்கும்போது இயங்கும் வலைப்பின்னலைச் சேர்ந்தது அது. நீண்ட நாள் டின்னிடஸ் உள்ளவர்களுக்கு அந்த ஓய்வு வலையோடு அதற்கு இருக்கும் இணைப்பு தளர்ந்து, கவனத்தைச் செலுத்தும் வலையோடு கூடியிருப்பதை 2017ல் அவர்கள் காட்டினார்கள். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் மூளை எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். "படுத்தாலும் ஓய்வே இல்லை" என்று நோயாளிகள் சொல்வது வெறும் மனக்குறை இல்லை.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ராஷெக்கர் குழு வேறொரு இடத்தைக் காட்டியது. உணர்ச்சியோடும் மதிப்பீட்டோடும் தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ், நெற்றிப்புற மூளையின் உள்பகுதி ஆகிய இரண்டிலும் டின்னிடஸ் உள்ளவர்களுக்கு வேறுபாடு இருந்தது. வேண்டாத ஓசையை அடையாளம் கண்டு தடுக்கும் காவல் அங்கே தளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒரே ஒரு மனிதரிடம் நடந்தது. அமெரிக்காவின் அயோவாவில் வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 50 வயதுக்காரர் ஒருவருக்கு டின்னிடஸும் இருந்தது. சிறிது நேரம் இரைச்சலைக் கேட்கவைத்து நிறுத்தினால், சில நொடிகளுக்கு அவருடைய ரீங்காரம் அடங்கும். அடங்கிய நொடிகளையும் அடங்காத நொடிகளையும் வில்லியம் செட்லி, ஃபிலிப் கேண்டர் குழுவினர் ஒப்பிட்டு 2015ல் வெளியிட்டார்கள். ரீங்காரத்தை ஒத்த நிஜ ஓசையை வெளியிலிருந்து கொடுத்தபோது மூளையின் மிகச் சிறிய பகுதிதான் அதற்கு இசைந்தது. ரீங்காரமோ அளக்க முடிந்த மூளைப்பரப்பின் பெரும்பகுதியில் பரவியிருந்தது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி ஓசைதான், ஆனால் மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன பயன்? காது மந்தமும் சேர்ந்திருந்தால் காது கேட்கும் கருவியை முதலில் முயன்று பார்க்கலாம். குறைந்த வரவை அது ஓரளவு ஈடுகட்டுகிறது. முற்றிலும் கேட்காதவர்களுக்கு, செவிநரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியை உட்காதில் வைத்த பிறகு பலருக்கு இரைச்சலும் தணிகிறது. கவனத்தையும் உணர்ச்சியையும் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைப் பற்றி 28 ஆய்வுகளைத் தொகுத்து 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் அறிக்கை வந்தது. டின்னிடஸ் தரும் வேதனையை அது குறைக்கிறது என்பதே அதன் முடிவு. சத்தத்தின் அளவு மாறாமலே வேதனை மட்டும் குறைய முடியும் என்பது, இணைப்புகளைப் பற்றி மேலே சொன்னதோடு பொருந்துகிறது. நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஓசையும் சேர்த்துக் கொடுக்கும் லெனிர் என்ற கருவிக்கு 2023ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இவற்றில் எதையும் முழுக் குணம் என்று சொல்வதற்கில்லை. அப்படி விளம்பரம் செய்யும் மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

திடீரென ஒரு காது கேட்காமல் போய், கூடவே இரைச்சலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இதயத்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டால் அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒரே காதில் மட்டும் விடாமல் இரைந்தாலும் ஆடியோகிராமும், டாக்டர் சொன்னால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பாருங்கள்.